பாமினி எங்கே

மடிக்கணினியைத் தாங்களே கழற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செய்கிற முதற்பிழை, கழற்றிய திருகாணிகளையெல்லாம் ஒரே கிண்ணத்தில் போடுவதுதான். இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளத் தேவையில்லை ஐயா, சும்மா கேளுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே அளவுபோல இருக்கும். குட்டை ஆணி போகவேண்டிய துளையில் நெட்டை ஆணியை முறுக்கினால், அது உள்ளே போய் மின்பலகையைத் துளைத்துவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, கணினி செத்திருக்கும். நான் ஒரு பிஸ்கற் மட்டையில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஆணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பேன். பதினொரு வருடத்தில் என் மேசையில் ஓர் ஆணி மிஞ்சியது கிடையாது.

நீங்கள் கேட்டது என் மனைவி யசோதினியைப் பற்றி. தெரியும். ஆனால் நடுவில் தொடங்கினால் உங்களுக்கு விளங்காது. சதீஸ்குமாரின் கணினியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் முழுப்பெயர் கோணாமலை தவேந்திரன். கோணாமலை தகப்பன் பெயர். ஆரையம்பதியிலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் 'கொம்பியூட்டர் தவம்' என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். கோணாமலையின் மகன் என்று சொல்வது பழைய ஆட்கள் நாலைந்து பேர். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து முறையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கலியாணம் முடித்தால் ஆம்பிளை பெண்ணின் வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, கிணறு எல்லாம் அவள் பெயரில் எழுதிய சீதனம். முப்பது வருடம் அந்தக் கூரையை அவன் வேய்ந்தாலும் ஓர் ஓடுகூட அவனுடையது அல்ல. நான் யசோதினியின் வீட்டில்தான் இருந்தேன். என் கடை அந்த வளவின் தெருப்பக்கத்து மூலையில் நின்றது. அந்த மூலை அவளுடைய தங்கை சிவானுஜாவுக்கென்று தாய் ஒதுக்கி வைத்திருந்த நிலம். சுனாமியில் கடல் வந்து போன பிறகு சிவானுஜாவுக்கு அது தேவைப்படவில்லை. சும்மா கிடந்த இடத்தில் கடை போட்டேன். அதில் என்ன பிழை இருக்கிறது?

கடல் வந்த அன்று யசோதினியும் தாயும் மண்டூருக்குப் போயிருந்தார்கள், உறவுக்காரர் வீட்டுக்கு. வீட்டில் நானும் சிவானுஜாவும். அவளுக்குப் பத்தொன்பது வயது. தண்ணீரில் அவள் என் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டாள், தேடினேன், கிடைக்கவில்லை. இப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். மூன்று நாள் பிணங்களைப் புரட்டிப் பார்த்தேன். அதைக் கண்ட சாட்சிகள் இருக்கிறார்கள். யசோதினி என் கையைப் பிடித்து, "நீங்களாவது தப்பினீங்களே" என்று அழுதாள். அந்தப் பேச்சில்தான் என் குடும்பம் நின்றது.

சதீஸ்குமார் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, இரண்டாயிரத்து ஏழு மாசி மாதம். இருபத்தொன்பது வயசுப் பொடியன், நல்லவன். ஒரு சின்னச் சங்கத்தில் வேலை. கடலில் தப்பியவர்களிடம் போய் அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதுவான். வாவிக்கு இந்தக் கரையிலும் கேட்பான், புலிகளின் இயக்கம் இருந்த அந்தக் கரைக்கும் போய்க் கேட்பான். நூறு பேரின் சாட்சியத்தை ஒரு புத்தகமாக்குவது அவர்களின் திட்டம். அவனுடைய மடிக்கணினி ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன கிழடு. பற்றறி செத்து, வயர் செருகாமல் எழும்பாது. எழும்பினாலும் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் வேலைக்கு வரும். கொழும்பிலிருந்து பெரிய ஹாட் டிஸ்க், கூடின ராம், புதுப் பற்றறி எல்லாம் தானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"அண்ணன், நீங்க சொல்லித் தாங்க, நான் கழட்டுறன். பிழைச்சா என்ட தலையில."

எனக்கு அது பிடித்தது. வேலையைப் பழக விரும்புகிறவன் ஆயிரத்தில் ஒருவன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் மேசையில் இருந்து அவனே செய்தான். ராம் தகட்டைச் சாய்த்துச் செருகிப் பின் அமுக்க வேண்டும், இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று கடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பழைய ஹாட் டிஸ்கைத் தானே உருவியெடுத்து, "இது என்ட வீட்டில கிடக்கட்டும் அண்ணன், ராசியானது" என்று முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

பிறகு அலங்காரம். மூடியில் ஒரு மீன்கொத்திப் படம் வெட்டி ஒட்டினான். கணினி எழும்பும்போது வருகிற சத்தத்தை மாற்றி, மண்டூர்க் கோயில் மணியைப் பதிந்து வந்து போட்டான். இன்னொன்றும் கேட்டான். திறந்த உடனே சாட்சியங்கள் எல்லாம் இருக்கிற கோப்பு தானாகத் திறந்து நிற்க வேண்டுமாம், தேடி நேரம் போகக் கூடாதாம். அதை நான் செய்து கொடுத்தேன். அவன் கேட்டதைத்தான் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய கோப்புகளைப் புது டிஸ்குக்கு மாற்றும்போது, சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பகல் அவன் சாப்பிடப் போயிருந்தான். நாற்பத்தேழாவது சாட்சியம் ஆச்சிப்பிள்ளை என்ற கைம்பெண் சொன்னது. எங்கள் ஊரில் இருந்தவள், பிறகு முகாமுக்குப் போனவள். சதீஸ்குமார் என்னிடம் வருவதற்கு முந்தின மார்கழியில் காய்ச்சலில் செத்தாள். அதில் எனக்குத் தொடர்பில்லை, வேண்டுமானால் விசாரியுங்கள். கடல் வந்த அன்று அவள் தோணாக் கரையில் ஒரு பூவரசில் தொங்கிக்கொண்டிருந்தாளாம். தோணா என்றால் கடலையும் வாவியையும் தொடுக்கிற வாய்க்கால். அவள் சொன்னதை அவன் அப்படியே அடித்திருந்தான். 'கோணாமலைட மகன் தோணியில நிண்டவன். மச்சினிச்சிப் புள்ள வந்து தோணிட விளிம்பப் புடிச்சா. அவன் அவவ ஏத்தல்ல.' அதற்குப் பிறகும் வரிகள் இருந்தன. அவை வேண்டாம் இப்போது.

கண் மங்கிய கிழவி என்று சொல்லலாம். ஆனால் அச்சில் வந்தால் யசோதினி வாசிப்பாள். சனம் வாசித்துச் சொல்லும். அவள் வாசித்தால் நான் அன்றைக்கே உடுத்த சாரத்தோடு தெருவில் நிற்பேன். வீடு அவளுடையது, கடை நிற்கிற மண் தங்கையுடையது. எனக்கென்று இந்த உலகத்தில் ஒரு திருகாணிப் பெட்டிதான் இருந்தது. அந்த நிமிடம் நான் நினைத்தது அதை மட்டுந்தான்.

நாற்பத்தேழை அழித்தேன். ஆனால் பழைய டிஸ்க் அவன் பையில் இருந்தது. அவனுடைய தலைக்குள்ளும் இருந்தது, அடித்தவன் அவன்தானே. சாப்பிட்டு வந்தவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னான்:

"புத்தகம் முடியப் போகுது அண்ணன். நாலஞ்சு பேர்ட விவரம் மட்டும் சரிபாக்கக் கிடக்கு. உங்களிட்டயும் ஒண்டு கேக்கணும். பிறகு ஆறுதலாக் கேக்கிறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என் மேசையில் இருந்து, என் வேலை ஆயுதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். நான் கோபக்காரன் அல்ல. ஆனால் என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கக் கூடாது.

இனி பாமினி. உங்கள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியவில்லை. பாமினி ஒரு பெண் அல்ல. கணினியில் தமிழ் எழுதுகிற எழுத்துருவின் பெயர். எங்கள் நாட்டில் அந்தக் காலம் கலியாண அழைப்பிதழிலிருந்து மரண அறிவித்தல் வரை எல்லாம் அதில்தான் அடிப்போம். அதன் சூட்சுமம் என்னவென்றால், அது ஆங்கில எழுத்துகளின் மேல் போட்ட தமிழ்ச் சட்டை. அந்தச் சட்டை கணினியில் இருந்தால் 'அம்மா' என்று தெரியும். கழற்றிவிட்டால் mk;kh என்று நிற்கும். பக்கம் முழுக்க அப்படித்தான், அரைப்புள்ளியும் கொக்கியுமாக. எழுதியவனாலேயே வாசிக்க முடியாது. கணினியைப் புதிதாக்கும்போது அந்தச் சின்னக் கோப்பைத் திரும்பப் போட மறந்தால் இதுதான் நடக்கும். எத்தனையோ பேர் பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்திருக்கிறார்கள், கணினிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று.

நான் மறக்கவில்லை. போட்டேன், அவனுக்குத் திறந்தும் காட்டினேன். தமிழ் அழகாக நின்றது. சதீஸ்குமார் எழும்பி விறாந்தைக்குப் போனான், யசோதினி தேத்தண்ணி வைத்திருந்தாள்.

"தம்பி, கலியாணம் எப்ப? இந்தப் பொட்டியோடதான் குடும்பம் நடத்துறதா?"

"பொட்டி நல்லது அக்கா. வீடு கட்டித் தா எண்டு கேக்காது."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாமினியை அழித்தேன். இரண்டு சொடுக்கு. மூடியை மூடி, மீன்கொத்தியின் மேல் இருந்த தூசியைத் துடைத்துக் கொடுத்தேன். அவன் மோட்டார் சைக்கிளில் அப்படியே மட்டக்களப்புக்குப் போகிறவன் என்று தெரியும். வழியில் இருந்த இராணுவக் காவலரணில் மடிக்கணினியைத் திறக்கச் சொல்லாமல் யாரையும் விடாத காலம் அது. இதற்கு முன் அவன் தப்பியது, அது வயரில்லாமல் எழும்பாததால். இப்போது புதுப் பற்றறி.

பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் காத்தான்குடி அப்துல் கபூர் நானா. அவருடைய லொறி சதீஸ்குமாருக்குப் பின்னால் நின்றது. சிங்களம் தெரியும் என்பதால் அவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைத்தார்களாம்.

"தொறந்த உடன கோயில் மணி அடிச்சது தம்பி. அவனுகள் துள்ளிப் பின்னால போனானுகள், குண்டெண்டு. பொறகு பார்த்தா ஸ்கிறீன் நெறைய என்னமோ எழுத்து. கீழ வாவிட படம், சிவப்புப் புள்ளி புள்ளியா. பிணம் கரையொதுங்கின இடமாம், பொடியன் சொல்றான். வாசிடா எண்டானுகள். அவன் பார்த்தான், பார்த்தான், அவனுக்கே வாசிக்கத் தெரியல்ல. தமிழ்தான் ஐயா, பாமினி இல்ல, அதான் எண்டான். ஆரு பாமினி எண்டானுகள். பாமினி எழுத்தாம் எண்டு நான் சொல்றன். எழுத்துக்குப் பேர் வைப்பாங்களா எண்டு எனக்கிட்டக் கேக்கிறானுகள். எனக்கும் தெரியாதே தம்பி."

துவக்குப் பிடியால் முதலில் வாயில் அடித்தார்களாம். பல் தெறித்து லொறியின் சில்லில் பட்டதை நானா கண்டார். பிறகு முழங்காலில் நிறுத்தி, ஒவ்வொரு விரலாக. ஒரு விரலுக்கு ஒரு கேள்வி. பாமினி எங்கே. பாமினிக்கு எத்தனை வயது. பாமினி எந்தக் கரையில் இருக்கிறாள். அவன் கடைசிவரை, பாமினி கணினிக்குள் இருந்தாள், கொஞ்சம் முந்திக்கூட இருந்தாள் என்றுதான் சொல்லியிருக்கிறான். அதை மொழிபெயர்க்கிறபோது நானாவுக்கே அவன் எதையோ மறைக்கிறான் என்று பட்டதாம். அந்திக்கு முன் நானாவை விட்டுவிட்டார்கள். அவனை உள்ளே கொண்டுபோனார்கள்.

நாலாம் நாள் வலை போட்டவர்கள் வாவிப் புல்லுக்குள் எடுத்தார்கள். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. பத்து விரலும் பத்துத் திசையில் திரும்பியிருந்தன. காதுக்குப் பின்னால் ஒரு துளை. செத்த வீட்டில் எல்லா நாளும் நின்றேன். கதிரை அடுக்கினேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அவனுடைய தங்கை கிருஷாந்தினி என் தோளில் விழுந்து, "அண்ணனுக்கு உங்கட கதைதான் எந்த நேரமும்" என்று அழுதாள்.

கணினியைப் பறிப்பார்கள், இரண்டு தட்டுத் தட்டி அனுப்புவார்கள், அந்தப் பயத்தில் புத்தகத்தை விட்டுவிடுவான், இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. பல நாள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க? அந்தக் காவலரணில் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன.

அதற்குப் பிறகு என் கடைக்கு வந்த எந்தக் கணினியும் பாமினி இல்லாமல் வெளியே போகவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதல் வேலையாக அதைப் போடுவேன். ஒருவகையில் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தோம். யசோதினியும் கடை வேலை பழகிவிட்டாள், ஆள் வந்தால் சாமான் வாங்கி வைப்பாள், சின்னச் சின்னத் திருத்தம் செய்வாள். இந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது. றோட்டில் வெடி கொளுத்தினார்கள். அந்தக் கிழமை நான் சாமான் எடுக்க மட்டக்களப்புக்குப் போயிருந்த நேரம் கிருஷாந்தினி வந்திருக்கிறாள். லேஞ்சியில் சுற்றிய பழைய டிஸ்கைக் கொடுத்து, "அக்கா, இதுக்குள்ள அண்ணன்ட போட்டோ கிடக்கும், எடுத்துத் தரச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இவ்வளவு நாளும் அதைத் தொட அவர்களுக்குத் துணிவில்லை.

நான் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தேன். யசோதினி என் கதிரையில் இருந்தாள். டிஸ்கைத் தானே மாட்டித் திறந்திருக்கிறாள், கெட்டிக்காரி. திரையில் தமிழ் தெளிவாக நின்றது, ஓர் எழுத்துப் பிசகாமல். கோணாமலையின் மகன் யார் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவள் கத்தவில்லை. "சிவா உங்கள 'அத்தான்' எண்டு கூப்பிட்டவளா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"எத்தினதரம்?"

அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். "ரெண்டு கொம்பியூட்டர்ப் பொட்டியும் நனையாம வந்த எண்டு நீங்க சந்தோசமாச் சொன்ன அண்டைக்கே நான் கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு எழும்பினாள்.

"பொழுதுபட முந்தி என்ட வீட்ட விட்டு வெளிக்கிடுங்க. ஒண்டையும் எடுக்கக் கூடா."

"என்ட ஆயுதங்கள்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே ஐயா.

"அதுவும் சிவாட மண்ணிலதான் கிடக்கு. கிடக்கட்டும்" என்றாள்.

மேசையில் ஒரு சார்ஜர் வயர் கிடந்தது. நல்ல வயர், உள்ளே செம்பு தடிப்பு. இரண்டு சுற்றுச் சுற்றினால் கைக்குப் பிடி கிடைக்கும். அவள் என்னைவிடப் பலசாலி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலால் உதைத்ததில் மேசை சாய்ந்து, என் பிஸ்கற் மட்டை விழுந்து, ஆணி எல்லாம் சிதறியது. என் மணிக்கட்டில் கடித்தாள், அடையாளத்தை உங்கள் டொக்டர் எழுதியிருக்கிறார். முழங்காலை அவள் முதுகில் வைத்த பிறகுதான் இலகுவானது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு விளக்கைப் போட்டு ஆணிகளைப் பொறுக்கினேன். ஒன்றும் குறையவில்லை.

அவள் பக்கத்தில் கிடக்க, அந்தச் சாட்சியத்தைக் கடைசிவரை வாசித்தேன். முதல்முறை பதற்றத்தில் அடிக்குறிப்பைக் கவனித்திருக்கவில்லை. சதீஸ்குமார் எழுதியிருந்தான்: 'கோணாமலை மகன், யார்? ஊரில் இந்தப் பெயரில் இருவர் இருந்தார்களாம். கொம்பியூட்டர் தவம் அண்ணனிடம் கேட்க வேண்டும். அவருக்கு ஊராட்களைத் தெரியும்.'

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னைத் தவம் என்று மட்டுந்தான் அவனுக்குத் தெரியும். அவன் கேட்க நினைத்ததும் அதுதான். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் மற்றக் கோணாமலையின் மகனைக் காட்டியிருப்பேன், அவன் கடலில் செத்தவன், அவனுக்கு என்ன நட்டம்? சதீஸ்குமார் புத்தகம் போட்டிருப்பான், யசோதினி தேத்தண்ணி வைத்துக்கொண்டிருப்பாள். ஆறுதலாகக் கேட்கிறேன் என்று தள்ளிப்போட்டான். வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களால் வருகிற அழிவு இதுதான்.

பழைய யூபிஎஸ் பற்றறி நாலைக் கட்டி அவளை வாவியில் இறக்கினேன். கயிறு உப்பில் அறுந்து, மண்டூர்த் துறையில் மிதந்திருக்கிறாள். மிச்சம் நீங்கள் கண்டதுதான்.

சிவானுஜாவைப் பற்றி ஒரு வரி விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். சரி. முதல் அலை முழங்கால் அளவுதான் வந்தது. அப்போது நான் வைத்திருந்த கணினி இரண்டையும் தோணியில் ஏற்றினோம். அவளும் ஒன்றை இடுப்பில் வைத்துச் சுமந்தாள். இரண்டாவது அலை வந்தபோது நான் தோணிக்குள், அவள் வெளியே. விளிம்பைப் பிடித்தாள், தோணி சரிந்தது. ஒன்றைத் தூக்கி எறிந்தால் அவளுக்கு இடம் இருந்தது. அந்தக் கணினிகளை நான் எவ்வளவு பாடுபட்டு வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியும். துடுப்பால் விரலில் அடித்தேன். மற்றக் கையால் பிடித்தாள், அதிலும் அடித்தேன். "அத்தான்" என்று மூன்றுதரம் கூப்பிட்டாள். மூன்றாவது அடி உச்சந்தலையில். தனக்கு மிஞ்சித்தானே தானம்.

அவ்வளவுதான். ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். மூன்று கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். சிவானுஜாவைக் கொன்றது கடல். சதீஸ்குமாரை நான் தொட்டதே இல்லை, ஓர் எழுத்துருவை அழிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது. யசோதினி ஒருத்தியைத்தான் நான் ஒப்புக்கொள்கிறேன். அவளும் வெளியே போகச் சொல்லியிராவிட்டால் இன்றைக்கு இருந்திருப்பாள்.

நிரந்தர முகவரி என்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அவளுடைய வீட்டையே எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு வேறு முகவரி கிடையாது. தாயும் போன வருடம் செத்துப்போய்விட்டாள், தங்கையும் இல்லை. அவளுக்குப் பிறகு அது எனக்குத்தானே வரும், ஐயா?